மிச்சக் கப்பல்கள்

போன சனிக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து வந்த என் மனைவி, தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். “இன்னும் அந்தக் கப்பலைத்தான் இழுத்துக்கிட்டு இருக்கீங்களா?” என்றாள். அவள் படுக்கப் போனபோதும் அதைத்தான் இழுத்துக்கொண்டிருந்தேன்.

விளையாட்டின் பெயர் ‘ஹோம்வேர்ல்ட்’. கனடாவின் வான்கூவரில் ரெலிக் நிறுவனத்தார் உருவாக்கி 1999இல் வந்தது. 2015இல் மெருகேற்றி மறுபடியும் விட்டார்கள். படை திரட்டி, நேரம் நிற்காமல் ஓட ஓடச் சண்டைபோடும் விளையாட்டுகள் அதற்கு முன்பே நிறைய உண்டு. ‘டூன் 2’ முதல் ‘ஸ்டார்கிராஃப்ட்’ வரை எல்லாமே தட்டையான வரைபடத்தில் நடந்தவை. ஸ்டார்கிராஃப்டில் பெயரில்தான் விண்மீன்.

ஹோம்வேர்ல்டில் தரையே கிடையாது. கப்பலை நகர்த்த எம் விசையைத் தட்டினால் வட்டமாக ஒரு தட்டு விரியும். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று அதில் காட்ட வேண்டும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு மவுஸை மேலே தள்ளினால் தட்டிலிருந்து செங்குத்தாக ஒரு கோடு கிளம்பும். அதுதான் உயரம். முதல் நாள் நான் முன்னும் பின்னும் காவல் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்க, எதிரி அடிவயிற்றுக்குக் கீழிருந்து வந்து அடித்துவிட்டுப் போனான். கீழே என்று ஒரு திசை இருப்பது அப்போதுதான் உறைத்தது.

கதை சின்னதுதான். கரக் என்றொரு பாலைவனக் கிரகம். அங்கே மணலுக்கடியில் ஒரு பழைய விண்கலம் கிடைக்கிறது. கூடவே விண்மீன் மண்டலத்தின் வரைபடம் பொறித்த ஒரு கல். நம் பூர்வீகம் இந்த ஊர் இல்லை, எங்கோ தூரத்தில் இருக்கும் ஹீகாரா என்று அந்த மக்களுக்குத் தெரியவருகிறது. தலைமுறை தாண்டி உழைத்து ஒரு தாய்க்கப்பல் கட்டுகிறார்கள். சோதனை ஓட்டம் போய்த் திரும்பிவந்து பார்த்தால் கரக் எரிந்துகொண்டிருக்கிறது. பின்னணியில் சாமுவேல் பார்பரின் அடாஜியோ, பல குரல்கள் சேர்ந்து பாடும் வடிவத்தில். யாரும் கத்தவில்லை. ரேடியோக் குரல் ஒன்று, ஆபீஸில் கணக்கு ஒப்பிப்பது போல நடந்ததைச் சொல்கிறது. மிச்சம் இருப்பவர்கள், சுற்றுப்பாதையில் உறைதூக்கத்தில் கிடக்கும் ஆறு லட்சம் பேர். ஆறு பெட்டகங்களில் இருக்கிறார்கள். அவற்றையும் எதிரி சுட்டுக்கொண்டிருக்கிறான்.

இந்த இடத்துக்குப் பிறகு எனக்குள் இருந்த தளபதி ஓடிவிட்டான். குடும்பக் கணக்கு எழுதுகிறவன் வந்து உட்கார்ந்துகொண்டான்.

காரணம் உண்டு. மற்ற விளையாட்டுகளில் ஒரு கட்டம் முடிந்தால் அடுத்ததில் புதுப் படை கிடைக்கும். நூறு பேரைப் பலிகொடுத்து ஜெயித்தாலும் மறுநாள் கை சுத்தம். ஹோம்வேர்ல்டின் பதினாறு கட்டங்களிலும் முந்தையதில் பிழைத்த கப்பல்தான் அடுத்ததற்கு வரும். மூன்றாம் கட்டத்தில் அசட்டையாக இழந்தது பத்தாம் கட்டத்தில் நெஞ்சில் குத்தும். சண்டை முடிந்தாலும் உடனே கிளம்ப மனம் வராது. கப்பல் கட்டத் தேவையான கனிமத்துக்காகச் சுரங்கக் கப்பல் கடைசிப் பாறைத்துண்டைப் பொறுக்கி முடிக்கும்வரை சும்மா காத்திருப்போம். 2003இல் வந்த இரண்டாம் பாகத்தில் அந்த மிச்சக் கனிமத்தைத் தானாகவே சேர்த்துத் தந்துவிட்டார்கள். வசதிதான், ஆனால் அந்த வெறும் நேரம்தான் எனக்குப் பிடித்திருந்தது. அதே இரண்டாம் பாகத்தில், நம் படை பெருத்தால் எதிரிப் படையும் பெருக்கும். சிக்கனமாகச் சேர்த்தவன் தலையில் கூடுதல் அடி! இதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சேர்க்கிற புத்தி வந்தபின் திருட்டுப் புத்தியும் வருகிறது. ஆயுதமே இல்லாத இழுவைக் கலங்கள் உண்டு. அவற்றில் சில போய் எதிரியின் பெரிய கப்பலின் உடம்பில் ஒட்டிக்கொள்ளும். அது செயலிழந்து நிற்க, அப்படியே தாய்க்கப்பலுக்கு இழுத்துவரும். எறும்பு கரப்பானை இழுக்கிற வேகம். பிற்பகுதியில் ஒரு கட்டத்தில் எதிரியின் போர்க்கப்பல்கள் கோளவடிவில் அணிவகுத்து நிற்கும். உடைத்துக்கொண்டு போகச் சொல்லி வைத்த அரண் அது. இந்த விளையாட்டில் ஊறியவர்கள் உடைப்பதில்லை. ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

சனிக்கிழமை நான் செய்துகொண்டிருந்ததும் அதுதான்.

“சுட்டு உடைச்சிட்டா சீக்கிரம் முடியுமே?” என்றாள் மனைவி.

“உடைச்சா போச்சு. இழுத்துட்டு வந்தா நமக்கு.”

“அதுக்குள்ள யாராவது இருப்பாங்களா?”

இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி. பதில் தெரியவில்லை. வழியில் ஒருமுறை இழுவைக் கலத்தின் மேல் குண்டு பட்டது. அவள்தான் முதலில் “ஐயோ” என்றாள். தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, கப்பல் வந்து சேரும்வரை நின்றாள்.