பாட்டி கேட்ட சட்டக் கேள்வி

என் அண்ணன் மகள் பட்டரைப்பெரும்புதூர் சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். இரண்டு நாள் விடுமுறை கிடைத்தால் போதும், ஒரு தடித்த புத்தகத்தோடு அம்மையார்குப்பத்துக்குப் பஸ் ஏறிவிடுவாள். சென்ற கிருத்திகைக்கும் வந்தாள். திருத்தணி மலை ஏறி இறங்கிய அலுப்போடு, தறிச் சத்தத்துக்கு நடுவே திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படித்தாள்: மாநிலங்களின் எல்லையை மாற்றும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கு உண்டு, அரசியல் சட்டம், 3-ஆவது பிரிவு.

உள்ளேயிருந்த என் தாயார் காதில் அது விழுந்தது.

"அதைப் போய் ஏன் மனப்பாடம் பண்றே, கண்ணு? என்னைக் கேளேன்!" என்றாள்.

அம்மா 1948-ல் இதே தெருவில் பிறந்து, இதே தெருவில் வாழ்க்கைப்பட்டவள். அவள் பிறந்தபோது இது சென்னை மாகாணத்துச் சித்தூர் ஜில்லா. 1953-ல் ஆந்திர ராஜ்யம்; 1956-ல் ஆந்திரப் பிரதேசம். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற எல்லைப் போராட்டத்துக்கும், படாஸ்கர் தீர்ப்புக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி வட்டாரம் சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பிற்று. 1969-ல் அதன் பெயர் தமிழ்நாடு ஆயிற்று. அம்மா எங்கும் போகவில்லை. விலாசம்தான் ஊர் சுற்றிற்று!

"இத்தனை தடவை மாத்தினாங்களே, எங்களை ஒரு வார்த்தை கேட்கணும்னு உன் புத்தகத்திலே இருக்கா?"

பெண் பக்கத்தைப் புரட்டினாள். "அந்த மாநிலச் சட்டசபையோட கருத்தைக் கேட்கணும்னு இருக்கு, பாட்டி. ஜனங்களைக் கேட்கணும்னு இல்லை."

"அதனாலேதான் எங்கப்பா தறியை நிறுத்திட்டுத் தெருவிலே போய் நின்னார். அதையும் ஓரத்திலே எழுதிக்கோ."

எழுதிக்கொண்டாள். பரீட்சையில் அதற்கு மார்க் கிடைக்காது; ஆனால் நாளைக்கு வக்கீலாகப் போகிறவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா?