மாட்டுக்காரருக்கும் விடுப்பு வேண்டும்

கறவை மாடு வைத்திருப்பவர்கள் கல்யாணத்துக்குப் போனால், தாலி கட்டி முடிந்ததும் பந்தியில்கூட உட்காராமல் பஸ் பிடிப்பார்கள். நானும் அந்த ரகம்தான். மாலைக் கறவைக்கு வீட்டில் இருந்தாக வேண்டுமே!

"பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வாங்களேன்" என்பார்கள் டவுன் சொந்தக்காரர்கள். தண்ணீர் காட்டலாம், வைக்கோல் உதறிப் போடலாம். அதை யாரும் செய்வார்கள். கறப்பது வேறு. எங்கள் கலப்பின ஜெர்சி, கை மாறினால் பாலை அடக்கிக்கொள்ளும். மடியில் பால் தேங்கினால் மடிநோய்க்கு வழி. அதனால் ஊருக்குப் போகுமுன்பே, பார்த்துக்கொள்ளப் போகிறவரை என் கண் முன்னால் இரண்டு வேளையாவது கறக்கவிடுவேன். தவிடு எவ்வளவு, புண்ணாக்கு எவ்வளவு என்று அளந்தே காட்டிவிடுவேன். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-ஐத் தொழுவத்துச் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறேன். கூலியையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். சும்மா செய்த உதவியில் குறை சொல்ல வாய் வராது.

இதெல்லாம் ஆள் கிடைத்தால்தான். பின்லாந்தில் கால்நடைப் பண்ணை நடத்தும் விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 26 நாள் விடுப்பு சட்டப்படியே உண்டு. மாற்று ஆள் அரசுச் செலவில் வருகிறார். அவ்வளவு நான் கேட்கவில்லை. நம் பால் கூட்டுறவுச் சங்கங்கள் ஊருக்கு இரண்டு பேருக்குப் பயிற்சி கொடுத்து, கூலியை நிர்ணயித்து, அதை உறுப்பினரின் பால் பணத்தில் பிடித்துக்கொள்ளட்டும். தீவனத்துக்கு அப்படித்தானே பிடிக்கிறார்கள்?