கொடுத்துவைத்தவர்களின் சொல்

பிறந்தநாளோ புத்தாண்டோ, வாழ்த்தென்று வாயைத் திறந்தால் முதலில் வந்து விழும் சொல்லாகிவிட்டது ‘ஹேப்பி’. அதற்கு மகிழ்ச்சி என்று பொருள் சொல்கிறோம். இன்றைய வழக்கில் அது சரியும்கூட. ஆனால் அந்தச் சொல்லின் வேரில் இருப்பது அதிர்ஷ்டம். வாய்ப்பு, நற்பேறு என்று பொருள்படும் ‘ஹாப்’ பழைய நோர்ஸ் மொழிச் சொல். இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் தொடர்பால் அது ஆங்கிலத்தில் கலந்தது. அதே வேரிலிருந்து வந்த சொற்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. நேரலாம், நேராமலும் போகலாம் என்றால் ‘பெர்ஹாப்ஸ்’, நேர்ந்துவிட்டால் ‘ஹேப்பன்’, தவறி நேர்ந்தால் ‘மிஸ்ஹாப்’, பேறில்லாதவர் ‘ஹேப்லெஸ்’. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘ஹேப்பி’ தலைகாட்டியபோது, அது ஒருவரின் சிரித்த முகத்தைவிட அவருக்கு வாய்த்த நல்ல காலத்தையே குறித்தது. நம் பேச்சில் சொன்னால், அவர் கொடுத்துவைத்தவர்.

இது ஆங்கிலத்துக்கு மட்டுமே உரிய விந்தையல்ல. ஜெர்மன் மொழியில் ‘க்ளுக்’ என்ற ஒரே சொல் இன்றுவரை அதிர்ஷ்டத்தையும் இன்பத்தையும் சேர்த்தே சுமக்கிறது. பிரெஞ்சின் ‘பொனேர்’ நல்ல சகுனத்திலிருந்து வந்தது. கிரேக்கரின் ‘யூடைமோனியா’ நல்ல காவல் தெய்வம் வாய்க்கப்பெற்ற நிலை. தமிழின் ‘மகிழ்’ வேறு வழியில் வந்தது. பழைய இலக்கியத்தில் அது கள்ளையும் கள் தரும் களிப்பையும்கூடக் குறிக்கும். அதனால்தானோ என்னவோ, ‘ஹேப்பி’யை மகிழ்ச்சி என்று மொழிபெயர்க்கும்போது உள்ளக் களிப்பு மட்டும் நம்மிடம் வந்து சேர்கிறது, பேறு என்ற பழம்பொருள் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது.

அந்தப் பொருள் ஆங்கிலத்திலேயே மங்கிப்போனதுதான் எனக்குக் கவலை தருகிறது. மகிழ்ச்சி இன்று தனிமனிதத் திறமையாகிவிட்டது. மனத்தைப் பழக்கினால் போதும், எவரும் எங்கும் இன்பமாக இருக்கலாம் என்று சொல்லும் நூல்கள் குவிகின்றன. அப்படியானால் வாடியிருப்பவர் முயலாதவர் என்றாகிறது. துயரத்தோடு பழியையும் அவரே சுமக்கிறார். 2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கை வேறு கதை சொல்கிறது. அதில் மக்கள் தம் வாழ்க்கைக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுகிறார்கள். நாட்டுக்கு நாடு உள்ள வேறுபாட்டை விளக்க அறிக்கை எடுத்துக்கொள்ளும் காரணங்கள் ஆறு: தலைக்கு இவ்வளவு என்ற உற்பத்தி மதிப்பு, ஆபத்துக்கு உதவ ஆள், நோயற்ற ஆயுள், வாழ்க்கையைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம், ஈகை, ஊழல் பற்றிய எண்ணம். இவற்றுள் ஈகை ஒன்றைத்தான் ஒருவர் தன் விருப்பத்தால் பெருக்கிக்கொள்ள முடியும். மற்றவை பெரும்பாலும் பிறந்த மண்ணைப் பொறுத்தவை.

சொல்லின் பிறப்பு அதன் இன்றைய பொருளைத் தீர்மானிக்காது என்று மொழியியலாளர் மறுப்பார்கள். நியாயமான மறுப்பு. ஒருகாலத்தில் பேறுபெற்றவர் என்ற பொருளில் நின்ற ஆங்கிலச் சொல்தான், அப்பாவி, இரங்கத்தக்கவர் என்று படிப்படியாக இறங்கி, இன்று அசட்டுத்தனத்தைக் குறிக்கும் ‘ஸில்லி’யாகியிருக்கிறது. அதை மீண்டும் மேலேற்ற எவராலும் முடியாது. வேர்ச்சொல்லை நான் தீர்ப்பாகக் கொள்ளவில்லை. அதைச் சாட்சியாகவே அழைக்கிறேன். வெவ்வேறு மக்கள் தம் வாழ்வைப் பார்த்து ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி. அரிஸ்டாட்டிலும் நல்வாழ்வை அறத்தின் வழிப்பட்ட செயலாகத்தான் வகுத்தார். ஆனாலும் பிள்ளைகளையும் நாட்டையும் முதுமையில் பறிகொடுத்த டிராய் மன்னன் பிரையமை இன்பமுற்றவன் என்று எவரும் சொல்லமாட்டார்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

எல்லாம் அதிர்ஷ்டம் என்றால் மனிதர் கைகட்டி உட்கார்ந்துவிடுவார்களே என்பது இன்னும் கனமான கேள்வி. நான் பேசும் பேறு ஜாதகக் கட்டத்தில் இருப்பதல்ல. அந்த அறிக்கையில் 2018 முதல் 2025 வரை ஆண்டுதோறும் முதலிடம் பெற்றது ஃபின்லாந்து. அங்கே பிறப்பது எந்தக் குழந்தையின் சாமர்த்தியமும் அல்ல. ஆனால் அந்தக் குழந்தைக்காகக் காத்திருக்கும் பள்ளியும் மருத்துவமனையும் அதற்கு முன் பிறந்தவர்கள் வரி கட்டி, வாக்களித்து, வாதாடி எழுப்பியவை.