தொகுதியைத் தருவது தரவுத்தளத்தின் கடமையே

தரவுத்தளம் என்பது பதிவுகளை அடுக்கிவைக்கும் களஞ்சியம் மாத்திரமே. அவற்றுள் வேண்டியவற்றைத் தெரிந்தெடுப்பது பிரயோக நிரலின் வேலை என்னும் கருத்து நிரலாளர் பலரிடையே வேரூன்றியுள்ளது. தரவுத்தளத்தினுள் சேமித்துவைக்கப்படும் செயன்முறை பதிவுத் தொகுதியைத் திருப்பித் தரவேண்டியதில்லை என அவர்கள் வாதிடுவர். மேலோட்டமாக நோக்குமிடத்து நியாயமாகத் தோன்றும் இவ்வாதம், உண்மைத் தேவையொன்றின் முன் நிலைகுலைந்துவிடுகின்றது.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி நிகழ்ந்த கடல்கோள் இலங்கையில் ஏறத்தாழ 35,000 உயிர்களைப் பலிகொண்டது. மாவட்டங்களுள் அம்பாறையே மிகுதியான உயிர்களை இழந்தது. காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்வதற்கென இலங்கை நிரலாளர்கள் தொண்டர்களாகத் திரண்டு, சில வாரங்களுள் 'சஹானா' என்னும் மென்பொருளை ஆக்கினர். அது பிஎச்பி மொழியிலும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்திலும் அமைந்தது. சேமித்த செயன்முறை என்னும் வசதியோ, மைஎஸ்கியூஎல்லின் 5.0 பதிப்பு 2005 ஒக்டோபரில் வெளிவந்தபோதே பொதுப் பயன்பாட்டுக்குக் கிட்டியது. எனவே தேடல் விதிகளைப் பிரயோக நிரலில் எழுதியமை காலத்தின் நிர்ப்பந்தம். நிர்ப்பந்தத்தைக் கொள்கையாக்குவதே தவறு.

அட்டாளைச்சேனையைச் சேர்ந்த ஒருவர் தேடப்படுகின்றார் எனக் கொள்க. அவரது பெயரின் முதற்பகுதி ஓர் ஆவணத்தில் முகம்மது என்றும், இன்னொன்றில் முஹம்மது என்றும், வேறொன்றில் மொஹமட் என்றும் பதியப்பட்டிருக்கலாம். ஆங்கில ஒலிப்புக்கென அமைந்த சவுண்டெக்ஸ் முறை தமிழ் எழுத்துக்கு உதவாது. ஆகவே தேடலின் விடை ஒரு பதிவாக அமைய இயலாது. ஒத்த பெயருடையோரின் தொகுதியாகவே அமையும். முகாம் அலுவலகமும் வைத்தியசாலையும் தொண்டு நிறுவனமும் தத்தம் நிரலில் வெவ்வேறு விதிகளை எழுதிவைப்பின், ஓரிடத்தில் உயிரோடிருப்பவர் மற்றோரிடத்தில் காணாமற்போனவராவார். விதி ஒன்றாயிருக்கவேண்டின், அது தரவின் பக்கத்திலேயே இருத்தல் வேண்டும். அன்றியும், அட்டவணையைத் திறந்துவிடாது செயன்முறையை இயக்கும் உரிமையை மாத்திரம் வழங்கினால், துயருற்ற குடும்பங்களின் விபரங்களுள் கேட்டவை மட்டுமே வெளிச்செல்லும்.

தொகுதியைத் தரும் முறையிலும் மயக்கம் நிலவுகின்றது. பதிவுகளைக் காற்புள்ளியிட்டு ஒரே சரமாகக் கோத்தனுப்புவது தரவின் வகைகளை அழித்துவிடும். முழுவதையும் நினைவகத்தில் திரட்டியபின் ஒப்படைப்பது, பதிவுகள் பெருகுமிடத்துச் சேவையகத்தைத் திணறடிக்கும். ஓராக்கிளின் ரெஃப் கர்சரோ திறந்த சுட்டியொன்றை ஒப்படைக்கின்றது. நிரல் தன் தேவைக்கேற்பப் பதிவுகளைச் சிறிது சிறிதாகப் பெறுகின்றது. போஸ்ட்கிரஸில், அட்டவணையைத் தருவதாக அறிவிக்கப்படும் செயற்கூறு புலங்களின் பெயரையும் வகையையும் முன்கூட்டியே உரைக்கின்றது. இவையே ஏற்கத்தக்க வழிகள்.

ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் செயன்முறையின் மொழி வேறுபடுமே, பின்னர் மாற்றுவது கடினமன்றோ என்பர். கடினமே. ஆயினும் தரவுத்தளத்தை மாற்றுவது அரிது. அதனை நாடிவரும் பிரயோகங்களே அடிக்கடி மாறுவன. அரிதாக வரும் இடருக்கு அஞ்சி அன்றாடம் முரண்பாட்டை ஏற்பது அறிவுடைமையாகாது.

1970 இல் எட்கார் கொட் முன்வைத்த உறவுமுறை மாதிரியில் வினாவுக்கு விடையாவது தொகுதியே. அயலிலுள்ள ஒலுவிலில், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினி பயிலும் மாணவர் இவ்வடிப்படையைக் கைவிடலாகாது. நாளை இக்கரையோரத்துக்கு மீண்டும் ஒரு பெயர்ப்பட்டியல் தேவைப்படின், அது எவர் கேட்பினும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.