துணிக்கு விலையான மனிதன்



காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இளையான்குடியிலும் ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்படும் ஆடவர் பலர் உடுத்துவது கட்டம் போட்ட கைலி. நம் முன்னோர் பிழைப்புத் தேடிச் சென்ற மலாய் நாட்டில் அதற்குக் ‘காயின் பெலிகாட்’ என்று பெயர். பழவேற்காட்டுத் துணி என்பதே அதன் பொருள். சென்னைக்கு வடக்கே உள்ள அந்தத் துறைமுகத்தின் பெயர் துணியோடு ஒட்டிக்கொண்டு கடல் கடந்தது. செட்டிநாட்டுக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது இவ்வட்டாரமே மகிழ்ந்தது. கட்டமும் கோடுமாக நெய்யும் தமிழ்க் கைத்திறன் உலகப் புகழ் பெற்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்தப் புகழ் சென்ற அதே கடல்வழியில் ஒரு கண்ணீர்க் கதையும் சென்றது. அதை நம் இல்லங்களில் நாம் பேசுவதில்லை.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கோட்டை கட்டினார்கள். துணி வாங்க வந்தவர்கள் பின்னர் மனிதர்களையும் வாங்கினார்கள். 1659 முதல் 1661 வரை பீஜப்பூர்ப் படைகளின் தாக்குதலால் தஞ்சைச் சீமை பாழாகிப் பஞ்சத்தில் வாடியபோது, நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் 8,000 முதல் 10,000 பேர் வரை அடிமைகளாக வாங்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் இலங்கைக்கும், ஏனையோர் பத்தேவியாவுக்கும் மலாக்காவுக்கும் கப்பலேற்றப்பட்டனர். துணி மூட்டை ஏறிய துறையிலேயே தாயும் பிள்ளையும் ஏறினார்கள்.

இது கிழக்கே நடந்தது. மேற்கே நடந்ததோ இதனினும் பன்மடங்கு கொடியது. 16-ஆம் நூற்றாண்டு முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்க மக்கள் அட்லாண்டிக் கடலைக் கடக்கும் அடிமைக் கப்பல்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் சுமார் 18 லட்சம் பேர் கரை காணாமலே மாண்டனர். ஐரோப்பிய வணிகர்கள் அம்மக்களுக்கு விலையாகக் கொடுத்தவை எவை? துப்பாக்கி, மது, இரும்பு. அவற்றோடு இந்தியப் பருத்தித் துணி. 18-ஆம் நூற்றாண்டில் அந்தப் பண்டங்களுள் நம் நாட்டுத் துணி முதன்மையான இடம் பெற்றிருந்தது. குஜராத்திலும் சோழமண்டலக் கரையிலும் நெய்த துணி முதலில் ஐரோப்பாவுக்குச் சென்று, அங்கிருந்து ஆப்பிரிக்கக் கரைக்குச் சென்று, மனிதனுக்கு ஈடாக அளந்து கொடுக்கப்பட்டது. அவ்வாறு பெற்ற மனிதன் அமெரிக்காவில் கரும்புக்கும் புகையிலைக்கும் உழைக்க விற்கப்பட்டான். புதுச்சேரிப் பகுதியின் நீலத் துணி செனகல் ஆற்றங்கரையில் நாணயமாகவே புழங்கியது.

அப்படி விற்கப்பட்டோரில் நம் மார்க்கச் சகோதரர்களும் இருந்தனர். புந்து நாட்டில் மார்க்க அறிஞர் குடும்பத்தில் பிறந்தவர் அய்யூப் சுலைமான் ஜல்லோ. அவர் 1731-இல் காம்பியா ஆற்றங்கரையில் பிடிபட்டு, மேரிலாந்தில் ஒரு புகையிலைத் தோட்டத்துக்கு விற்கப்பட்டார். காட்டுக்குள் ஒதுங்கித் தொழுதபோது ஒரு வெள்ளைச் சிறுவன் ஏளனம் செய்து அவர் முகத்தில் மண்ணை எறிந்தான். தந்தைக்கு அவர் அரபியில் எழுதிய கடிதம் இங்கிலாந்தில் உள்ளோர் கைக்குப் போய்ச் சேர்ந்து, அதுவே அவர் விடுதலைக்கு வழியாயிற்று. லண்டனில் தங்கியிருந்தபோது திருக்குர்ஆன் முழுவதையும் நினைவிலிருந்தே மூன்று படிகள் எழுதினார் என்பது வரலாறு. 1734-இல் தாயகம் திரும்பினார். அவரைப் போல் மீண்டவர் மிகச் சிலரே.

இதைப் படித்து நாம் பெருமை கொள்வது எளிது. ஆனால் அந்தப் பெரியவர் ஆற்றங்கரைக்கு எதற்காகப் போனார் தெரியுமா? காகிதம் வாங்கவும், இரண்டு அடிமைகளை விற்கவும்! மனிதனை விற்கப் போனவர் தாமே விற்கப்பட்டார். முஸ்லிம் மன்னரும் வணிகரும் பல நாடுகளில் அடிமைகளை வைத்திருந்தனர், விற்றனர். அதை மறைத்துவிட்டு ஐரோப்பியரை மட்டும் குறை கூறுவது நீதியாகாது. தனக்கே எதிராக இருந்தாலும் உண்மைக்குச் சாட்சி சொல்லுமாறு நம்மைப் பணிப்பது திருமறை அல்லவா?

அடிமைப்பட்டோர் வாளாவிருக்கவில்லை. பிரேசிலின் சல்வடோர் நகரில் 1835 ஜனவரி 25-ஆம் நாள், ரமளானின் இறுதிப் பகுதியில், ஆப்பிரிக்க முஸ்லிம்கள் தலைமையில் விடுதலைக்காக ஓர் எழுச்சி மூண்டது. அது கொடுமையாக ஒடுக்கப்பட்டது. பிடிபட்டோரிடம் அரபி எழுதிய தாள்கள் இருந்தன. மார்த்தினிக், குவாதலூப், செயின்ட் லூசியா தீவுகளில் ஆப்பிரிக்க வழிவந்த பெண்கள் விழா நாள்களில் தலையில் கட்டும் கட்டத் துணிக்கு இன்றும் ‘மதராஸ்’ என்றே பெயர். நம் கரையின் துணியைத் தம் மானத்தின் அடையாளமாக்கிக் கொண்டவர்கள் அவர்கள்.

நெய்த தறிக்காரர் இந்தப் பாவத்தை அறிவாரா? அறியார். அவரே கம்பெனித் தரகரிடம் முன்பணம் வாங்கிக் கட்டுண்டு கிடந்தவர். தரகருக்குத் தம் தரகே கண்ணாயிருந்தது. கப்பல்காரருக்குக் கூலி, கடைக்காரருக்கு லாபம். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இருந்தவர் ‘நான் துணிதானே விற்றேன்’ என்று சொல்ல இடமிருந்தது. உலகின் பெருங்கொடுமை ஒன்று இப்படித்தான் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் தடையின்றி நடந்தது.

வாசகர்களே! அந்த முன்பணம் இன்னும் சாகவில்லை. இந்திய அரசு 1976-இல் சட்டம் இயற்றிக் கொத்தடிமை முறையை ஒழித்தது. ஆயினும் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மக்கள் மீட்கப்படும் செய்திகள் வந்தவண்ணம் இருக்கின்றன. காவிரிப் பாசனப் பகுதிகளில் ஆடு மேய்க்கச் சில ஆயிரம் ரூபாய்க்கு அடகு வைக்கப்பட்ட சிறுவர்களும் மீட்கப்பட்டிருக்கிறார்கள். நாம் கட்டும் வீட்டின் செங்கல்லும், நம் அடுப்பில் வேகும் அரிசியும் எந்தக் கையைக் கடந்து வந்தன என்று நாம் கேட்டதுண்டா?

மறுமையில் மூவருக்கு எதிராகத் தானே வழக்காடப்போவதாக அல்லாஹ் கூறியதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்துள்ளார்கள். இறைவன் பெயரால் வாக்களித்து மோசம் செய்தவன் ஒருவன். சுதந்திரமான மனிதனை விற்று அந்த விலையை உண்டவன் ஒருவன். உழைப்பை முழுதும் பெற்றுக்கொண்டு கூலி கொடுக்காதவன் மற்றொருவன். மனிதனை விற்றவனும் கூலியைப் பிடித்துக்கொண்டவனும் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டிருப்பதைச் சிந்தித்துப் பாருங்கள். ஜகாத்தைச் செலவிடத் திருமறை வகுத்த எட்டு வழிகளில் அடிமைத் தளையிலிருந்து மீட்பதும் ஒன்று. கடைத்தெருவில் அடிமை விற்பனை நின்றுவிட்டதால் அந்த வழி அடைபட்டுப் போய்விட்டது என்று எண்ணி நாம் வாளாவிருக்கலாமா?

செய்யத்தக்கவை சில உண்டு. முன்பணத்துக்காகக் கட்டுண்டு கிடக்கும் குடும்பம் பற்றித் தெரியவந்தால் மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ தெரிவியுங்கள். அந்தக் கடன் சட்டப்படி செல்லாது. அதை யாரும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. மீண்டு வருவோருக்கு விடுதலைச் சான்று கிடைக்க உதவுங்கள். அவர்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேருங்கள். சிறு தொழிலுக்கு முதல் கொடுங்கள். அதில் ஜகாத்தும் சேருமா என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள். தான தருமத்துக்கு அந்தத் தயக்கமும் தேவையில்லை. இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, நம் கடையிலும் களத்திலும் வீட்டிலும் வேலை செய்வோரின் கூலியை இன்றே கணக்குப் பார்த்துத் தீர்த்துவிடுங்கள்.

‘எனக்குத் தெரியாது’ என்ற சொல் அன்றைய தறிக்காரருக்குப் பொருந்தியிருக்கலாம். எல்லாச் செய்தியும் வீட்டு வாசலுக்கே வந்து சேரும் இந்நாளில் நமக்கு அது பொருந்தாது. பிறர் கண்ணீர் கலவாத பொருளைத் தேடவும், கட்டுண்டோரை விடுவிக்கும் கூட்டத்தில் சேரவும் எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.