மிதிவண்டித் தோழமை

மிதிவண்டியில் இருக்கை ஒன்றே. அதனைச் செலுத்துபவரும் ஒருவரே. ஆயினும், அதனைத் தனியே பழகியவர் மிகச் சிலரே ஆவர். முன்னாளில் சிறுவர்கள் சைக்கிள் கடைக்குச் சென்று மணிக் கணக்கில் வண்டியை வாடகைக்கு எடுப்பர். வண்டியோ பெரியது, சிறுவனோ சிறியவன். இருக்கையில் ஏறினால் அவனுக்குக் கால் எட்டாது. ஆகவே, சட்டத்தின் இடைவெளியில் ஒரு காலை நுழைத்து, உடலைக் கோணலாக வளைத்து மிதிப்பான். இதனைக் ‘குரங்குப் பெடல்’ என்று மக்கள் வேடிக்கையாக வழங்கினர். அவனுக்குப் பின்னே, இருக்கையைப் பற்றியவாறு தோழன் ஒருவன் ஓடிவருவான். “கீழே பாராதே, நேரே பார்” என்று அவன் கூவிக்கொண்டே வருவான். சில நாள் சென்றபின், தோழன் கையை விட்டதையும் அறியாமல் சிறுவன் வண்டியைச் செலுத்திக்கொண்டிருப்பான். தனித்துச் செய்யும் செயலையும் கூடியே கற்க வேண்டும் என்னும் உண்மையை இக்காட்சி நன்கு விளக்குகின்றது.

இவ்வுண்மை, இக்கால இளைஞரின் உள்ளத்தைக் கவரும் புதிய மிதிவண்டி விளையாட்டு ஒன்றற்கு மிகவும் பொருந்தும். ‘ஸ்ட்ரீட் டிரயல்ஸ்’ என்பது அவ்விளையாட்டின் பெயர். விரைந்து செல்வதோ, நெடுந்தொலைவு செல்வதோ இதன் நோக்கம் அன்று. படிக்கட்டு, திண்டு, குட்டைச்சுவர், பாறை முதலிய தடைகளின்மீது, காலை நிலத்தில் ஊன்றாமல் வண்டியை ஏற்றியும் இறக்கியும் திருப்பியும் செலுத்துவதே இதன் திறம். ஓட்டுபவர் மிதிகட்டைகளின்மீது நின்றவாறே யாவற்றையும் செய்வர். இதற்கென அமைந்த வண்டியின் சட்டம் மிகவும் உறுதியானது. பிரேக்கைத் தொட்டவுடன் சக்கரம் அசையாது நின்றுவிடும். போட்டிக்குரிய வண்டிகள் பலவற்றில் அமர்வதற்கு இருக்கையே இராது. போட்டியில் கால் தரையைத் தொட்டால் தண்டனைப் புள்ளி உண்டு.

இவ்விளையாட்டில் முதற்பாடம் ஓடுவது அன்று, நிற்பது. முன்சக்கரத்தைச் சற்றே திருப்பி, இரு மிதிகட்டைகளையும் ஒரே மட்டத்தில் நிறுத்தி, வண்டி முன்னும் பின்னும் செல்லாமல் நின்ற இடத்திலேயே சமன் காத்தல் வேண்டும். பின்னர் முன்சக்கரத்தை எழுப்புதல், பின்சக்கரத்தை எழுப்புதல், இரண்டையும் ஒருங்கே எழுப்பித் துள்ளுதல், பின்சக்கரம் ஒன்றின்மீதே நின்று துள்ளுதல் எனப் பாடங்கள் படிப்படியாக வளரும். ஒவ்வொரு படிக்கும் பல நாள் பயிற்சி வேண்டும். நூறு முறை தவறிய பின்னர்ச் சிலருக்கு ஒரு முறை கைகூடும்.

நாமக்கல் போன்ற ஓர் ஊரில் இவ்விளையாட்டைக் கற்க விரும்பும் மாணவன் ஒருவனை எண்ணிப் பார்த்தல் தகும். ஒரே பாறையாக எழுந்த குன்றின் அடியில் அமைந்த ஊர் அது. லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளும் கோழிப் பண்ணைகளும் நிறைந்த வட்டாரம். அங்குள்ள மாணவன் கைப்பேசியில் அயல்நாட்டு இளைஞரின் வித்தைகளைக் காண்கின்றான். தானும் அவ்வாறு செய்ய அவாவுகின்றான். அவன் தெருவில் அதனை அறிந்தவர் எவரும் இலர். பெரியோர் அதனைக் குறும்பு என்று கடிந்துகொள்கின்றனர். எனவே, எவரும் காணாத வேளையில், எவரும் வாராத இடத்தில், தனியே பழகத் தொடங்குகின்றான். பெரும்பாலும் இங்கேதான் பிழை நேர்கின்றது. அவன் விழுந்து தலையில் அடிபட்டால் தூக்குவாரும் இல்லை; அவன் ஓர் அருஞ்செயலை முடித்தால் பாராட்டுவாரும் இல்லை. ஒன்று, ஊறு நேர்ந்து நின்றுவிடுகின்றான். அன்றேல், ஊக்கம் குன்றி விட்டுவிடுகின்றான்.

ஆதலால், இவ்விளையாட்டைத் தொடங்குபவன் விலையுயர்ந்த வண்டியைத் தேடுமுன் நல்ல துணையைத் தேடுதல் வேண்டும். இதற்குக் காரணங்கள் பல. முதலாவது, ஓட்டுபவன் தன் உடலைத் தான் காண இயலாது. முழங்கை வளைந்திருந்ததா, இடுப்பு பின்னே சென்றதா, பார்வை சக்கரத்தில் கிடந்ததா என்பவற்றை அருகில் நிற்பவனே அறிவான். இரண்டாவது, விழுங்கால் தாங்குவதற்கும், தாங்க இயலாதபோது உதவி அழைப்பதற்கும் ஒருவர் தேவை. மூன்றாவது, ‘இன்று இவ்வளவு போதும்’ என்று நிறுத்துவதற்கும் ஒருவர் தேவை. களைத்த உடலோடு செய்யும் இறுதி முயற்சியில் விபத்து எளிதில் நேரும். அவ்வேளையில் ஆசை கண்ணை மறைக்கும். தோழனின் கண்ணோ தெளிவாக இருக்கும்.

இதனை விளங்கிக்கொள்ள நாமக்கல் மாணவர் வெகுதொலைவு செல்ல வேண்டுவதில்லை. நெருக்கமான இடத்தில் லாரியைப் பின்னோக்கிச் செலுத்தும் ஓட்டுநரைக் கண்டால் போதும். பல்லாண்டு அனுபவம் உடையவராயினும், அவர் பின்னே என்ன உள்ளது என்பதைத் தாமே முழுதும் அறியார். கிளீனர் இறங்கிப் பின்னே நின்று, “வரலாம், வரலாம்” என்று கூறிக்கொண்டே இருப்பார். இடர் கண்டவுடன் வண்டியின் உடலைத் தட்டுவார், வண்டி நின்றுவிடும். அனுபவத்தில் இளையவரான அக்கிளீனரின் சொல்லை ஓட்டுநர் மதிக்கின்றார். அம்மதிப்பே வண்டியைக் காக்கின்றது. மிதிவண்டி விளையாட்டில் துணையாவானும் அத்தகையவனே. தன்னைவிடத் திறமை மிக்கவனாகத்தான் துணைவன் இருத்தல் வேண்டும் என்பதில்லை. விழிப்பும் அக்கறையும் உடையவனாக இருந்தாலே போதும்.

இவ்விளையாட்டின் பிறப்பே ஒரு துணையின் கதையாகும். ஸ்பெயின் நாட்டில் பெரே பீ என்பவர் மோன்டெசா என்னும் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தோடு தொடர்புடைய புகழ்பெற்ற ஓட்டவீரர். மோட்டார் சைக்கிளில் பாறைகளையும் தடைகளையும் கடக்கும் விளையாட்டு அங்குச் சிறப்புற்றிருந்தது. 1970களில், அவருடைய இளமகன் ஒட் பீ அதனை மிதிவண்டியில் செய்து பழகினான். தந்தை அதனைத் தடுக்கவில்லை, உடனிருந்து வளர்த்தார். பிற சிறுவரும் கூடி ஆடுவதற்கு வழி வகுத்தார். அம்மகன் பின்னாளில் உலக வாகைப் பட்டங்களை வென்றான். தந்தை ஒருவர் தோழராக நின்றதனால் விளையாட்டு ஒன்று உலகிற்குக் கிடைத்தது.

ஸ்காட்லாந்து நாட்டில் ஸ்கை என்னும் தீவில் 1985இல் பிறந்த டேனி மெக்காஸ்கில் என்பவரின் வரலாறும் அறியத்தக்கது. அவர் எடின்பரோ நகரில் மிதிவண்டிக் கடையொன்றில் பழுதுநீக்குபவராகப் பணிபுரிந்தார். 2009ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அவருடைய திறமையைக் காட்டும் ஒரு படம் இணையத்தில் வெளிவந்தது. ஐந்து நிமிடத்திற்குச் சற்று மிகுந்த அப்படத்தை உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கண்டு வியந்தனர். கூரிய முனைகளையுடைய இரும்பு வேலியின்மீது அவர் வண்டி செலுத்தும் காட்சி அதில் உண்டு. அங்கு அவர் பலமுறை தவறி, அதன்பின்னரே வென்றார். படத்தில் தோன்றுபவர் அவர் ஒருவரே. ஆனால், அவரோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த டேவ் சோவர்பி என்னும் நண்பரே பல மாதங்கள் உடன்சென்று அப்படத்தைப் பிடித்தவர். தனிவீரன் என்று உலகம் போற்றும் ஒருவர்க்கும், திரைக்குப் பின்னே ஒரு தோழர் இருந்தார் என்பது இதனால் பெறப்படும்.

அயல்நாட்டுக்கு வெளியே, தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு பெருஞ்சான்று உண்டு. 1991, 1992ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவைப் பரப்பியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் மிதிவண்டிப் பயிற்சியையும் அதனோடு இணைத்தார். வயலில் உழைப்பவரும், கல்லுடைக்கும் தொழிலாளரும், சிற்றூர்ச் செவிலியரும் ஆகிய பெண்கள் ஆயிரக்கணக்கில் வண்டி பழக முன்வந்தனர். பெண்களுக்குரிய வண்டிகள் போதாமையால், ஆண்களின் வண்டிகளிலும் பழகினர். ஒருத்தி மட்டும் தனியே வண்டி ஏறியிருந்தால் ஊரின் ஏளனம் அவளை இறக்கியிருக்கும். பலர் ஒருங்கே ஏறியமையால் ஏளனம் வாயடங்கிற்று. கற்றவர் பிறர்க்குக் கற்பித்தனர். வெட்கத்தையும் அச்சத்தையும் வெல்லும் ஆற்றல் தோழமைக்கு உண்டு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. அன்று பெண்கள் மிதிவண்டி ஏறுவதே ஊரார்க்குப் புதுமை. இன்று வண்டி துள்ளுவது புதுமை. புதுமையைத் தொடங்குபவர்க்குத் துணை வேண்டும் என்னும் நிலை மட்டும் மாறவில்லை.

இனி, அத்துணையை எங்ஙனம் தேடுவது? ஊரில் உள்ள சைக்கிள் கடையே முதலிடம். வண்டியில் ஆர்வம் மிக்கவர் எல்லாரும் என்றேனும் ஒருநாள் அங்கு வந்தே தீர்வர். கடைக்காரரிடம் தன் விருப்பத்தைக் கூறி வைத்தால் அவரே இருவரை இணைத்துவிடுவார். அடுத்தது, இடமும் வேளையும் மாறாமல் பழகுதல். வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே திடலில் ஒருவன் பழகுவானாயின், ஆர்வமுடையோர் தாமே அவனைக் கண்டு வருவர். மறைந்து பழகுபவனை எவரும் காணார். அவனும் எவரையும் காணான். மூன்றாவது, அதே விளையாட்டை அறிந்தவரே வேண்டும் என்று காத்திராமை. சிலம்பம் பழகுபவன் கால்நிலையை அறிவான். கபடி ஆடுபவன் விழுவதற்கும் எழுவதற்கும் அறிவான். இவர்களுள் ஒருவன் ஆர்வத்தோடு அருகில் நின்றாலே பாதி வெற்றி கிட்டும். பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடம் இசைவு பெற்றுத் தொடங்கினால், குறும்பு என்று கருதப்பட்டது பயிற்சி என்று மதிக்கப்படும். மாணவியர் வருவாராயின், அவரையும் ஒப்ப வரவேற்றல் வேண்டும். இவை யாவற்றிலும் மேலாக, தன்னினும் இளையவனுக்கு முதலில் தான் துணையாதல் சிறந்தது. பிறனுடைய வண்டியைத் தாங்கிப் பிடித்தவனுக்கு, தன் வண்டியைத் தாங்கும் கைகள் கிடைப்பது அரிதன்று.

தனியே பழகினால் பிறர் நகைப்புக்கு இடமில்லையே என்று சிலர் கூறுவர். அதில் ஓரளவு உண்மை உண்டு. நின்ற இடத்தில் சமன் காத்தல் போன்ற பயிற்சிகளை வீட்டு முற்றத்தில் தனியே செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால், புதிய உயரத்தில் ஏறும்போதும், புதிய துள்ளலை முதன்முதல் செய்யும்போதும் தனிமை கூடாது. நகைப்புக்கு அஞ்சி உயிர்க்கு ஊறு தேடுதல் அறிவுடைமை ஆகாது. உடன் பழகுபவன் நகைப்பதும் அரிது. அவனும் நாள்தோறும் விழுகின்றவனே அன்றோ!

எனினும், கிடைத்தவர் எல்லாரையும் துணை என்று கொள்ளுதல் தகாது. திருவள்ளுவர் நட்பின் பெருமையைக் கூறியதோடு அமையாமல், நட்பாராய்தல் என ஓர் அதிகாரமும், தீ நட்பு, கூடா நட்பு என வேறு இரண்டு அதிகாரங்களும் வகுத்தார். மிதிவண்டித் தோழமைக்கும் அவ்வாராய்ச்சி வேண்டும். “தலைக்கவசம் எதற்கு? அஞ்சுகின்றாயா?” என்று கேட்பவன் துணைவன் ஆகான். லாரிகள் விரையும் நெடுஞ்சாலையிலும், கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வித்தை காட்டத் தூண்டுபவன் பகைவனே ஆவான். நாமக்கல் கோட்டையின் படிகள் பழம்பெருஞ் சின்னத்தின் பகுதி. அவற்றின்மீது வண்டி ஏற்றுதல் தவறு. அரசு வழங்கிய பள்ளி மிதிவண்டி பள்ளிக்குச் செல்வதற்கென அமைந்தது. அதனை உயரத்திலிருந்து துள்ளவைத்தால் சட்டம் முறியக்கூடும். அதில் மெல்ல ஓட்டவும் சமன் காக்கவும் மட்டும் பழகலாம். இவற்றை எடுத்துரைத்து, “இங்கு வேண்டா, திடலுக்குப் போவோம்” என்று கையைப் பற்றி அழைப்பவனே உண்மைத் தோழன். கைப்பேசியில் படம் பிடிப்பதற்காக மட்டும் அருகில் நிற்பவனையும், விழுந்தவுடன் கைப்பேசியை எறிந்துவிட்டு ஓடிவருபவனையும் பிரித்தறிதல் வேண்டும்.

ஊராருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. இளைஞர் பழகுவதற்கு இடம் இல்லையேல் அவர்கள் சாலையை நாடுவர். விளையாட்டுத் திடலின் ஒரு மூலையில் சில மரத்திண்டுகளையும், பழைய டயர்களையும், தாழ்ந்த மேடை ஒன்றையும் அமைத்தால் போதும். பட்டறைகளில் கழிக்கப்படும் பலகைகளும் டயர்களும் நாமக்கல் வட்டாரத்தில் கிடைப்பது அரிதன்று. இதற்கு ஆகும் செலவு சிறிது. அங்குப் பலர் பார்வையில் பழகும் இளைஞன், மறைவில் பழகும் இளைஞனைவிடப் பன்மடங்கு பாதுகாப்பு உடையவன்.

லாரிக்கு ஒரு பாடி கட்டி முடிப்பதற்குத் தச்சர், கொல்லர், மின்வேலை அறிந்தவர், வண்ணம் தீட்டுபவர் எனப் பலர் கூடுகின்றனர். அதன் பின்னரே ஓட்டுநர் ஒருவர் அதனைச் செலுத்துகின்றார். சாலையில் காண்போர் கண்ணுக்கு அவர் ஒருவரே தெரிவர். மிதிவண்டியின்மீது சமன் காத்து நிற்கும் இளைஞனும் அத்தகையவனே. அவன் பின்னே, இருக்கையைப் பிடித்தவரும், பிழையைச் சொன்னவரும், போதும் என்று நிறுத்தியவரும் கண்ணுக்குத் தோன்றாமல் நிற்கின்றனர். இதனை உணர்ந்து, கற்கும்போது துணையை நாடுவதும், கற்றபின் பிறர்க்குத் துணையாவதும் இளைஞர் கடனாகும்.