எந்திரம் சொன்ன சாட்சி!

எந்திரத்துக்கு வஞ்சகம் தெரியாது. ஆகவே அது சொல்வதே மெய் என்று நம்பிய ஒரு நாடு, நாணயமானவர்களைத் திருடர்களாக்கிய கதையைக் கேளுங்கள், தோழர்களே!

நாடு, இங்கிலாந்து. 1999ஆம் ஆண்டு முதல் அங்கே ஊர்த் தபாலாபீசுகளில் ‘ஹொரைசன்’ என்னும் கணிப்பொறி முறை புகுத்தப்பட்டது. அதைத் தந்தது புஜித்சு கம்பெனி. பெட்டியில் பணம் சரியாக இருக்கும். எந்திரமோ ஆயிரம் பவுன் குறைகிறது என்னும்! குறைந்ததைக் கட்டு என்றது தபால் நிர்வாகம். ஒப்பந்தம் அப்படி. வீட்டை அடகு வைத்துக் கட்டினார்கள். கட்ட முடியாதவர்கள் கூண்டில் ஏறினார்கள். வேறெவருக்கும் இந்தத் தொல்லை இல்லையே என்று பலரிடம் சொல்லியே வாயடைத்தார்கள்!

2015 வரை 900 பேருக்கு மேல் தண்டிக்கப்பட்டனர். கருவுற்றிருந்த தாய்க்கும் சிறை! பெரும்பாலான வழக்குகளில் புகார் கூறியவர், புலன் விசாரித்தவர், வழக்குத் தொடுத்தவர் மூவரும் ஒருவரே, தபால் நிர்வாகம்தான்.

நீதிமன்றம் என்ன செய்தது? முன்பு அந்நாட்டில், கணிப்பொறிக் கணக்கைச் சான்றாகக் காட்டுவோர் அது ஒழுங்காக வேலை செய்தது என்று மெய்ப்பிக்க வேண்டும். 1999இல் வந்த சட்டம் அந்தப் பிரிவை நீக்கிற்று. எந்திரம் சரி என்றே கொள்வோம், தவறென்றால் குற்றம் சாட்டப்பட்டவன் காட்டட்டும் என்றாயிற்று! எப்படிக் காட்டுவான்? எந்திரத்தின் வயிற்றில் இருப்பதை அறிந்தவர்கள் கம்பெனிக்காரர்கள். எங்கோ அமர்ந்தபடியே ஊர்த் தபாலாபீசின் கணக்கில் கைவைக்க அவர்களால் முடிந்தது. அதை ஆண்டுக்கணக்கில் மறுத்தது நிர்வாகம்.

கணிப்பொறியே கூடாது என்பவர்கள் அல்ல நாம். கணக்கெழுதுவோரின் முதுகுவலி குறைந்தால் மகிழ்ச்சிதான்! ஆனால், உழைப்பவன்மீது எந்திரத்தைச் சாட்சியாக நிறுத்துவோர் அதைக் குறுக்கு விசாரணைக்கும் விடவேண்டும். கம்பெனி இரகசியம் என்று கதவைச் சாத்துவதானால், சாட்சியையும் அழைத்துக்கொண்டு போகட்டும்!

தபாலாபீசு நடத்தி, ஒப்பந்தம் பறிக்கப்பட்டவர் ஆலன் பேட்ஸ். அவர் ஓயவில்லை. அவர் முன்னின்று நடத்திய வழக்கில் 555 பேர் சேர்ந்தனர். எந்திரத்தில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் உயர்நீதிமன்றம் கூறிற்று. 2024இல் நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்றி, நூற்றுக்கணக்கானோரின் தண்டனைகளைத் துடைத்தது. அந்தச் சட்டத்தைக் காணாமலே, திருடர் என்ற பட்டத்தோடு புதைகுழி சென்றவர்களும் உண்டு.